அடிப்பாறையின் வயது

4 நவம்பர் 2025, செவ்வாய்

பள்ளத்துக் கல் இன்று காலையில் வந்து சேர்ந்தது. லாரிக்காரர் கேட்டிலேயே மரப்பெட்டிகளை இறக்கிவிட்டு "கலாஸ், கலாஸ்", வேலை முடிந்தது என்று போய்விட்டார். நானும் நாகவள்ளியக்காவும்தான் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே இழுத்தோம். துபாய் அல் கூஸ் புழுதி முழுக்க எங்கள் தலையில்.

திறந்து பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எப்போதோ ஒரு விண்கல் விழுந்து, அந்தப் பள்ளம் மணலுக்கு அடியில் புதைந்து, அதற்கும் அடியில் துளைபோட்டு உருளை உருளையாக எடுத்த கல் என்று லேப் மேனேஜர் ரகுநாதன் சாருக்கு ஒரு மாதமாக இதே பேச்சு. பார்த்தால் சாதாரண இளஞ்சிவப்பு கிரானைட். சமையலறை மேடைக்குப் போடுகிற கல். ஒரே வித்தியாசம், உருளை முழுக்க விரிசல். விண்கல் அடித்த அடி அப்படி. எடுத்தால் கையிலேயே உதிர்கிறது.

பூமிக்குள் உருகிக் கிடந்த குழம்பு ஆறி இந்தக் கல் ஆனது எப்போது? அதைச் சொல்வதுதான் எங்கள் வேலை. அக்கா கிரஷரில் உடைத்துப் பொடிப்பாள். நான் பொடியைச் சலித்து, கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைத்து ஜிர்கான் என்கிற தாதுத் துகள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்குவேன். சார் அவற்றை லேசர் மெஷினில் வைத்து வயது பார்ப்பார். போன வாரம் அம்மா மறுபடியும் "ஒனக்கு அங்க என்ன சோலிதான் மோளே?" என்று கேட்டாள். குழம்பு ஆறும்போது அந்தத் துகள் பிறக்கும், உள்ளே கொஞ்சம் யுரேனியம் இருக்கும், அது மெல்ல மெல்ல ஈயமாக மாறும், எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது தெரியும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. கல்லுக்கு ஞானஸ்நானச் சர்டிபிகேட் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். "பொறவு சாமியாருக்கு என்ன வேலை?" என்கிறாள்.

துளைபோட்டு இந்தக் கல்லை எடுத்த ரிக்கில்தான் என் தம்பி ஜிபின் இருக்கிறான். லேப்புக்கும் ரிக்குக்கும் ஒரே முதலாளி. அவனுக்கு விசா வாங்க நான் ரகுநாதன் சார் பின்னால் எப்படி அலைந்தேன் என்பது எனக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும்.

9 நவம்பர், ஞாயிறு

ஜிபின் வந்திருந்தான். கேம்ப் வண்டியில் அல் ஐன் வரை, அங்கிருந்து பஸ். கராமாவில் நம் ஊர்க்காரர் ஓட்டலில் மீன்சோறு வாங்கிக் கொடுத்தேன். ஆள் கறுத்துவிட்டான், ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. துளைக்குள் விடுகிற கரைசலைக் கலப்பது அவன் வேலை. அதை 'மட்' என்கிறார்கள். அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். ஏதோ ரிக்கே அவன் தலையில்தான் ஓடுகிறது போல.

"எக்கா, அங்க எங்க பாத்தாலும் மணலு. நல்லா ஒறக்கம் வருது, கேட்டியா."

ஒக்கி புயலில் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தவன். கூடத் தொங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கையை விட்டதைப் பார்த்தவன். அதற்குப் பிறகு கடலில் காலை நனைத்ததில்லை. எங்கள் ஊரில் கடலுக்குப் போகாத ஆணுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாதா? வருஷக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். இப்போது ஒறக்கம் வருகிறதாம். அது போதும் எனக்கு.

13 நவம்பர்

கழுத்து போயிற்று. ஆனால் நல்ல பொறுக்கல். பெரும்பாலும் குட்டைத் துகள்கள், மங்கல், அடிபட்ட வரி வரியாக. நடுநடுவே சில மட்டும் ஒல்லியாக, ஊசிமூக்கோடு, பளிச்சென்று. எனக்கு ஊசிமூக்குகளைப் பிடித்திருக்கிறது. இரண்டு ஜாதியையும் தனித்தனி வரிசையாக ஒட்டிச் சாரிடம் கொடுத்துவிட்டேன்.

19 நவம்பர், புதன்

வயது வந்துவிட்டது. குட்டைகள் ஏறத்தாழ எண்பது கோடி வருடம். அது எதிர்பார்த்ததுதான். ஊசிமூக்குகள் ஏழரைக் கோடி!

சார் மெஷினை அணைத்துப் போட்டு மறுபடி ஓட்டினார். அதே ஏழரைக் கோடி.

இந்தப் பள்ளத்து ஆராய்ச்சியே டாக்டர் மஹதியுடையது. அபுதாபியில் வளர்ந்த தமிழ்ப்பெண், பேச்சில் பாதி இங்கிலீஷ். வீடியோ காலில் சொன்னதும் அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. "ஸோ, விண்கல் இம்பாக்டுக்கு அப்புறம் கீழேர்ந்து புது மேக்மா, புதுக் குழம்பு ஏறியிருக்கா? இது ட்ரூன்னா எங்க பேப்பர் மொத்தமா மாறிடும்." பிறகு அவரே தன்னை அடக்கிக்கொண்டு கேட்டார்: "வேற கல்லோட துகள் கலக்கலைன்னு உங்களால சொல்ல முடியுமா?"

சார் கிரஷர் நோட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார்.

20 நவம்பர்

நாகவள்ளியக்காதானாம்.

இதற்கு முன் கிரஷரில் ஓடியது வேறொரு கம்பெனியின் எரிமலைக் கல். அதிலும் ஊசிமூக்குத் துகள்கள் நிறைய உண்டு. அக்கா மெஷினைச் சரியாகச் சுத்தம் செய்யாததால் அவை இதில் வந்துவிட்டன என்கிறார் சார். "வேற எங்கேர்ந்து வரும், நீயே சொல்லும்மா. மாசக் கடைசியோட அவங்கள அனுப்பிடலாம். கிளையன்டுக்கு நாம ஒரு பதில் சொல்லியாகணும்." அக்கா கதவோரம் துடைப்ப பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்ததை அவர் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

நான் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன், அக்கா அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்று. அவர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

22 நவம்பர், சனி

ஒரே ரூமில் நான் மேல்கட்டில், அவள் கீழ்க்கட்டில். மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது.

முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரி. குவைத்தில் வீட்டுவேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவள். கிரஷர் ஓட்ட நான்தான் கற்றுக்கொடுத்தேன். பிரஷ், காற்று, அசிட்டோன், கடைசியில் சுத்தமான வெள்ளை மணலை ஒரு தடவை ஓட்டிக் கொட்டிவிட வேண்டும். கற்றுக்கொடுத்த நானே சில நாள் சோம்பல்பட்டு மணலை விட்டுவிடுவேன், அவள் விடமாட்டாள். ஊருக்குப் போனால் அவளுக்கு வீடு என்று ஒன்று கிடையாது. புருஷன் இன்னொருத்தியோடு இருக்கிறான். அண்ணன் வீட்டு அடுப்படியில் ஒண்டிக்கொள்ள வேண்டும்.

இன்று துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "எப்சி, நான் மணல் ஓட்டுனேன்ல? நீ பாத்தீல்ல?"

பார்த்தேன் என்றேன்.

"எனக்கே இப்ப சந்தேகமா இருக்குடி. அன்னைக்கு மட்டும் விட்டுட்டேனோ என்னமோ."

செய்யாத தப்பைச் செய்ததாகவே நம்ப ஆரம்பித்துவிட்டாள். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

24 நவம்பர், திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலேயே இருந்திருக்கலாம்.

மீதிக் கல் பெட்டியில்தான் இருந்தது. ஒரு துண்டை விரிசலோடு பிளந்து பார்த்தேன். உள்முகத்தில் மெல்லிய சாம்பல் பூச்சு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் உப்பி, சோப்பு மாதிரி வழுக்கியது. பெண்டோனைட் களிமண். பழைய எரிமலைச் சாம்பல்தான் காலப்போக்கில் இந்தக் களிமண்ணாக மாறும். சாம்பல் என்றால் அதில் ஜிர்கான் இருக்கும், ஊசிமூக்கு ஜிர்கான்! அக்கா கல்லின் வெளிப்புறத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உடைத்தாள். வேறு கல்லாக இருந்தால் அது போதும். விண்கல் அடித்து நொறுங்கிய இந்தக் கல்லில் களிமண் நடுப்பகுதி வரைக்கும் போயிருக்கிறது. அதைக் கல்லோடு சேர்த்துப் பொடித்திருக்கிறோம்.

அப்படியென்றால் அக்கா தப்பித்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சார் ரூமுக்கு நடந்தேன். பாதி வழியில் நின்றுவிட்டேன்.

இந்தத் துளைக்குள் களிமண் எப்படி வந்தது? பாலிமர் கரைசல் மட்டும், களிமண் கூடவே கூடாது என்று மஹதி மேடம் முதல் நாளே சொல்லியிருந்தாரே. ரிக்கில் கரைசல் கலப்பது யார்?

திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

25 நவம்பர்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜிபினுக்குப் போன் போட்டேன்.

"லேய், துளையில களிமண்ணு போட்டியளா?"

ஜெனரேட்டர் இரைச்சல் குறைந்தது, தள்ளி நடந்து போகிறான்.

"ஆரு சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லல. கல்லுல இருக்கு."

அப்புறம்தான் வாயைத் திறந்தான். உள்ளே விட்ட தண்ணீரெல்லாம் விரிசலுக்குள் போய்விட்டதாம், மேலே திரும்பி வரவே இல்லையாம். அப்படியே விட்டால் ராடு சிக்கிக்கொள்ளும், துளையே போய்விடும். வேறு ஒரு துளைக்கு வந்த பெண்டோனைட் சாக்குகள் ஓரமாகக் கிடந்திருக்கின்றன, கலக்கி விட்டால் விரிசல் அடைபடும். "டால் தோ பாய், குச் நஹீ ஹோகா", கொட்டு, ஒன்றும் ஆகாது என்றானாம் ஃபோர்மேன். "வேண்டாம்ணு சொல்லிப் பாத்தேன் எக்கா. ராடு மாட்டிச்சிண்ணா ஒனக்க விசா கேன்சல்ணான். கேட்டா பாலிமர்ணு சொல்லுண்ணும் சொன்னான்."

நாகவள்ளியக்கா விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கும் அவளைத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு அவள் முறுக்கு சுட்டுக் கொடுத்து விட்டிருக்கிறாள்.

"எக்கா, சொல்லாண்டாம். என்னைய அனுப்பிருவானுவ. நான் பொறவு எங்க போவேன்?"

ஊரில் கடலை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

26 நவம்பர்

சொன்னால் ஜிபின். சொல்லாவிட்டால் அக்கா.

ஃபோர்மேன்மேல் போட்டால்? அவன் இல்லை என்பான், சாக்கைப் பிரித்த கை ஜிபினுடையது. பெயரே சொல்லாமல் களிமண்ணை மட்டும் காட்டினால்? அந்த ஷிப்டில் மட் கலந்தது ஒரே ஆள். யாரும் விசாரிக்கக்கூட வேண்டாம்.

ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். வார்த்தை வரவில்லை. எதைக் கேட்பது? எவள் வேலை போகட்டும், எவன் வேலை நிலைக்கட்டும் என்றா?

அக்கா என் யூனிபாரத்தையும் சேர்த்துத் துவைத்துப் போட்டிருக்கிறாள். "யார் உங்களத் தொவைக்கச் சொன்னது?" என்று கத்திவிட்டேன். போகிற நேரத்தில் எதற்குச் சண்டை என்று நினைத்தாளோ என்னவோ, அடுப்படிக்குப் போய்விட்டாள்.

27 நவம்பர்

விரிசல் களிமண்ணைச் சுரண்டி எடுத்துத் தனியாகக் கழுவிப் பார்த்தேன். ஊசிமூக்குகள். அப்படியே அதே சாயல். ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கோட்டுப் பாக்கெட்டில் வைத்திருக்கிறேன். நாளைக்கு மீட்டிங்.

28 நவம்பர், வெள்ளி

எப்படியும் எழுதிவிட வேண்டும்.

மீட்டிங் ஸ்கிரீனில் ஒரு கட்டத்தில் மஹதி மேடம், இன்னொரு கட்டத்தில் ரிக். ரிக் பக்கம் ஃபோர்மேன் உட்கார்ந்திருந்தான், அவன் பின்னால் ஹெல்மெட்டோடு ஜிபின். மட் கலப்பவரும் இருக்க வேண்டும் என்று மேடம் கேட்டாராம். இங்கே மேசையில் சாரும் நானும். அக்கா கதவோரம். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறாள்.

"தப்பு எங்க பக்கம்தான் மேடம். ஆக்‌ஷன் எடுத்தாச்சு" என்றார் சார்.

மேடம் விடவில்லை. ரிக்கில் என்ன கரைசல் என்று கேட்டார்.

"ஒன்லி பாலிமர், மேடம்" என்றான் ஃபோர்மேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

குப்பி என் கைக்குள் இருந்தது. இப்போது சொல், இப்போது சொல் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்கிரீனைப் பார்த்தால் ஜிபின் முகம். மேசையைப் பார்த்துக்கொண்டேன்.

"நாகவள்ளி, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "தெரியாம நடந்திருக்கும் மேடம். மன்னிச்சிருங்க."

செய்யாததற்கு மன்னிப்பு. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சார் பேப்பரைப் புரட்டினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முடிந்தால் போதும் என்றும் நினைத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்போது ஸ்கிரீனிலிருந்து சத்தம் வந்தது.

"மேடம், களிமண்ணு போட்டது நானாக்கும்."

ஃபோர்மேன் நாற்காலியோடு திரும்பினான். ஜிபின் அவனைப் பார்க்கவே இல்லை. "துளையில தண்ணி நிக்கல. சாக்கு கெடந்துச்சு, கலக்கி விட்டேன். அந்த அக்கா மேல தப்பில்ல."

அதற்குப் பிறகுதான் நான் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தேன். விரிசலில் இருந்து எடுத்தது, உள்ளே ஊசிமூக்குகள் இருக்கின்றன என்றேன். சார் என் தோளைத் தட்டினார். "பரவால்லியே, நீயே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டியே." மேடமும் தேங்க்ஸ் சொன்னார்.

கோட்டைக் கழற்றிவிட்டு வெளியே போய்விட்டேன்.

29 நவம்பர்

தான் எதுவும் போடச் சொல்லவில்லை என்று ஃபோர்மேன் எழுதிக் கொடுத்துவிட்டான். உண்மையைச் சொன்னவரை அனுப்ப வேண்டாம் என்று மஹதி மேடம் முதலாளியிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். மறைத்ததற்குத்தான் அனுப்புகிறோம் என்று பதில்.

ஜிபின் விசா கேன்சல். அக்கா வேலையில் தொடர்கிறாள்.

5 டிசம்பர், வெள்ளி

திருவனந்தபுரம் பிளைட். ஏர்போர்ட் வரை நானும் போனேன். பெட்டியைப் போட்டுவிட்டு வந்த பிறகு, ட்ராலி மேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னான்:

"எக்கா, சொல்லாண்டாம்ணு நாந்தான் சொன்னேன். ஆனா அண்ணைக்கு ஒனக்க மூஞ்சியத்தான் பாத்துட்டு நிண்ணேன். நீ சொல்லிருவேண்ணு நெனச்சேன்."

கோபமே இல்லாமல் சொன்னான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அந்த அக்கா மன்னிப்பு கேட்டாவல்லா, அப்பமாவது சொல்லுவேண்ணு."

"சொல்லியிருப்பேன் மக்கா. கொஞ்சம் பொறுத்திருந்தா சொல்லியிருப்பேன்."

"செரி" என்றான். என் தலையைத் தொட்டுவிட்டு உள்ளே போனான். என்னைவிடச் சின்னவன்.

சொல்லியிருப்பேனா? என் நோட்டுதான் இது, இதில் பொய் எழுதி என்ன பிரயோசனம். எனக்குத் தெரியவில்லை.

7 டிசம்பர்

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "எப்சி, ஒனக்கு எப்பருந்து தெரியும்?"

"அந்தத் திங்கக்கெழமையே."

கத்தி நிற்கவில்லை. "தம்பின்னா அப்படித்தான் இருக்கும்" என்றாள். அவ்வளவுதான். சாப்பாடு எனக்கும் சேர்த்துத்தான் வைத்தாள். ஆனால் துவைக்கும்போது தன் துணியை மட்டும் துவைத்துக் காயப்போடுகிறாள்.

25 டிசம்பர்

ஆராதனைக்குப் போனேன். அம்மா போனில் பாடினாள். ஜிபின் வெளியே போயிருக்கிறானாம்.

14 ஜனவரி 2026, புதன்

புதுத் துண்டுகளை எடுத்து, விரிசலோடு பிளந்து, ஒவ்வொரு முகத்தையும் கழுவி, அதற்கப்புறம்தான் பொடித்தோம். அக்கா வெள்ளை மணலை இரண்டு தடவை ஓட்டினாள், என்னை நின்று பார்க்க வைத்துத்தான் ஓட்டினாள். ஊசிமூக்கு ஒன்றுகூட இல்லை. எல்லாம் குட்டை, எல்லாம் எண்பது கோடிக்குக் கொஞ்சம் கீழே. பள்ளத்துக்கு அடியில் புது மேக்மாவும் இல்லை, ஒன்றும் இல்லை. இத்தனை கோடி வருடமாக ஒரே பாறை, தலைமேல் விண்கல் விழுந்தும் அப்படியே கிடக்கிறது.

மஹதி மேடம் ஏமாந்துதான் போயிருப்பார், காட்டிக்கொள்ளவில்லை. "குட். இது ட்ரூ, அது போதும்" என்றார்.

19 ஜனவரி, திங்கள்

காலையில் மஹதி மேடத்திடமிருந்து மெசேஜ். பேப்பரின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் ஜிபின் பெயரையும் போடப்போகிறாராம், இனிஷியல் என்ன என்று கேட்டிருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவனிடம் என் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று உடனே போன் போட்டேன். அவன் எடுக்கவில்லை. அம்மாவுக்குப் போட்டேன்.

போனை எடுத்ததும் சாப்பிட்டியா என்று கேட்பவள் இன்று கேட்கவில்லை.

"ஜிபின் எங்கம்மா? போன் எடுக்க மாட்டேங்கான்."

"அவன் இல்ல மோளே."

"எங்க போயிருக்கான்?"

அம்மா சேலையால் மூக்கைத் துடைக்கிற சத்தம் கேட்டது.

"இண்ணைக்கு வெளுப்பாங்காலம் வள்ளத்துல கடலுக்குப் போனான். ஒனக்கிட்ட சொல்லாண்டாம்ணு சொல்லிட்டுத்தான் போனான்."

சரி என்று வைத்துவிட்டேன். கரையை விட்டுத் தூரம் போனால் டவர் கிடைக்காது, அது எனக்குத் தெரியும். தெரிந்தும் காலையிலிருந்து அவன் நம்பருக்கே போட்டுக்கொண்டிருக்கிறேன்.